பம்பாய் ஆலை நிலங்களும் நகர அமைப்பாளரின் ஸ்தானமும்

1996ஆம் ஆண்டில் மகாராஷ்டிர சர்க்கார், பம்பாய் நகரின் நடுவே மூடிக்கிடந்த பஞ்சாலைகளின் நிலத்தை என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து சொல்ல ஒரு குழுவை நியமித்து, கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியாவை அதற்குத் தலைவராக்கிற்று. அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்னால், எவ்வித அதிகாரமும் இல்லாத ஒரு பிரஜையாக நின்று, அதே நகரின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு பெரிய யோசனையைப் பத்திரிகையில் பிரசுரித்தவர் அவர். பின்னர் அந்த யோசனையை நிறைவேற்றுவதற்கென்று சர்க்கார் நிறுவிய ஸ்தாபனத்திலேயே தலைமைக் கட்டடக் கலைஞராக உத்தியோகம் வகித்தவர். வெளியாளாகவும், உத்தியோகஸ்தராகவும், ஆலோசகராகவும் ஒரே மனிதர் ஒரே நகரத்தில் மூன்று ஆசனங்களில் அமர்ந்து பார்த்திருக்கிறார் என்பதும், மூன்றிலும் அவருக்குக் கிட்டிய பலன் ஒரே விதமாக இல்லை என்பதும் கவனிக்கத் தக்கவை. சர்க்காருக்கும், நிலத்தை மூலதனமாகக் கொண்ட தனியாருக்கும், பிழைப்புத் தேடி வந்து குடியேறிய பொதுஜனத்துக்கும் இடையே நகர அமைப்பாளர் உண்மையில் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியைப் பாடப் புத்தகங்களின் லட்சணங்களைக் கொண்டு ஆராய்வதைவிட, இந்தச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே பிரயோஜனமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

நகர அமைப்பு என்ற தொழில் பம்பாய்க்குள் நுழைந்தது நோயின் கையைப் பிடித்துக்கொண்டுதான். 1896இல் பிளேக் கண்டது. இரண்டு வருஷத்தில் பம்பாய் நகரச் சீர்திருத்த டிரஸ்ட் தோன்றிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளை வாங்கி இடித்து அகன்ற வீதிகள் போடுவதற்கு அதற்கு அதிகாரம் இருந்தது. இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வெளியேறியவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு அந்த அளவு ஏற்பாடு இருக்கவில்லை. அவர்கள் அடுத்த சந்துக்குப் போனார்கள்; அங்கே முன்னிலும் நெருக்கமாக வாழ்ந்தார்கள். அதே டிரஸ்ட்தான் வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் வயல்களையும் தோப்புகளையும் மனைகளாக்கி, மரங்கள் நிழல் செய்யும் சாலைகளையும் பூங்காக்களையும் அமைத்தது. மாதுங்காவில் குடியேறித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்கள் அனுபவித்த அந்த விசாலம், தென்பம்பாய்ச் சந்துகளை இடித்த அதே கைகளின் வேலை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அக்காலத்தில் நகரத்தைத் திட்டமிட்டவர்கள் பொறியாளர்களும் சுகாதார அதிகாரிகளும். அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கே எழுந்ததில்லை.

அந்தச் சந்தேகத்தை எழுப்பியவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பாட்ரிக் கெடிஸ். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய நகரக் கண்காட்சிச் சாமான்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய அதே எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு அவர் மறு வருஷமே சென்னையில் கண்காட்சியை நடத்தினார். தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான வீடுகளை அறுத்துக்கொண்டு நேர்ச்சாலைகள் போட வேண்டும் என்றிருந்த யோசனையை அவர் எதிர்த்து, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கிச் சந்துகளைச் சற்றே திறந்துவிட்டால் மிகக் குறைந்த செலவில் அதே பலன் கிடைக்கும் என்று காட்டினார். பிற்பாடு 1919 முதல் ஐந்து வருஷம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்கும் நகரவியலுக்கும் பேராசிரியராக இருந்தார். திட்டம் வரைபவர் முதலில் தெருவில் நடக்க வேண்டும், அங்கே வாழ்பவர்களிடம் பேச வேண்டும் என்பது அவர் விட்டுச் சென்ற போதனை. ஆயினும், நடந்து பார்த்துப் பேசித் தெரிந்துகொண்டதை யாரிடம் சமர்ப்பிப்பது, அவர் கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற விஷயத்தில் கெடிஸும் நமக்குத் தெளிவான வழி காட்டவில்லை.

இனி கொரியாவின் முதல் ஆசனத்துக்கு வருவோம். அறுபதுகளின் நடுவில் பம்பாய் நகரசபை தன் வளர்ச்சித் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டிருந்த சமயம். கட்டடக் கலைஞர்களான கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் ஷிரிஷ் படேல் ஆகிய மூவரும், முல்க் ராஜ் ஆனந்தின் ஆசிரியப் பொறுப்பில் வெளிவந்த 'மார்க்' கலைப் பத்திரிகையின் 1965ஆம் வருஷத்து இதழொன்றில் தங்கள் மாற்று யோசனையை விரிவாக எழுதினார்கள். பம்பாய் வடக்கு தெற்காக நீண்ட குறுகலான நிலம்; வேலை முழுவதும் தென்முனையில், வீடுகளோ நாளுக்கு நாள் வடக்கே விலகிப் போகின்றன; காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் ஜனங்களைத் திணித்துக்கொண்டு ரயில்கள் ஓடுவதற்கு இந்த அமைப்பே காரணம் என்றனர் அவர்கள். இதைக் கண்டும் தெற்கில் மேலும் கட்டுவதும் வடக்கில் மேலும் பரவுவதும் அறிவீனம் என்றும், துறைமுகத்துக்குக் கிழக்கே எதிர்க்கரையில் ஒரு புதிய நகரத்தை எழுப்பி, சர்க்கார் தன் காரியாலயங்களையே முதலில் அங்கே கொண்டுபோனால், மற்ற வேலைகள் தாமே பின்தொடரும் என்றும் வாதித்தனர். ஒரு பத்திரிகைக் கட்டுரை, உத்தியோகபூர்வமான திட்டத்துக்கு எதிராக நின்று, ஐந்து வருஷத்துக்குள் சர்க்காரின் கொள்கையாக மாறிய அதிசயம் இந்தியாவில் அடிக்கடி நிகழ்வதில்லை.

1970இல் சிட்கோ என்ற நகர, தொழில் அபிவிருத்திக் கழகம் அமைந்தது. சுமார் 344 சதுர கிலோமீட்டர் பரப்பும் 95 கிராமங்களும் புதிய பம்பாய்க்கென்று குறிக்கப்பட்டன. கொரியா தலைமைக் கட்டடக் கலைஞரானார். படேலும் உள்ளே போய்த் திட்டப் பணிகளுக்குப் பொறுப்பேற்றார். யோசனையின் பொருளாதாரம் மிகவும் நேர்த்தியானது. விளைநில விலைக்கு நிலத்தை வாங்கி, சாலையும் குழாயும் போட்டு, ஏறிய விலைக்கு விற்று, அந்த லாபத்தைத் தனியார் கையில் விடாமல் நகரத்துக்கே திருப்பிவிடுவது. இதில் தனியாரின் நில வியாபாரம் வெளியே நிறுத்தப்பட்டது. வியாபாரி ஸ்தானத்தில் சர்க்காரே அமர்ந்தது.

அமர்ந்த சர்க்கார் வியாபாரியைப் போலவே நடந்துகொண்டது என்பதுதான் பின்னால் நடந்த கதை. யோசனையில் நிலம் வாங்கும் பகுதி சர்க்காருக்குப் பிடித்திருந்தது. தான் இடம் பெயர வேண்டும் என்ற பகுதி பிடிக்கவில்லை. தலைமைச் செயலகம் தென்முனையிலேயே இருந்தது. அதற்கு அருகில் நாரிமன் முனையில் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் வானளாவிய காரியாலயக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எதிர்க்கரைக்கு வேலையைக் கொண்டுபோகும் திட்டத்தை ஒரு கையால் ஏற்றுக்கொண்டு, மறு கையால் இந்தக் கரையிலேயே வேலையைக் குவிப்பதற்கு அனுமதி தந்ததில் சர்க்காருக்கு எவ்வித முரண்பாடும் தெரியவில்லை போலும். தானே குடும்பக் கட்டளை பிறப்பித்துவிட்டுத் தானே அதற்குக் கட்டுப்படாத மூத்த காரணவரைப் போல அது நடந்துகொண்டது. தாணே கடற்கழியின் மேல் 1973இல் பாலம் திறந்தது. எதிர்க்கரையிலுள்ள வாஷிக்கு ரயில் வந்து சேர 1992 ஆயிற்று. வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்கும் மொத்த வியாபாரிகள் எண்பதுகளில் பெயர்க்கப்பட்டார்கள், மந்திரிகள் பெயரவில்லை.

மற்றொரு தரப்பும் உண்டு. அந்த 95 கிராமங்களில் நெல் விளைவித்தும் உப்புப் பாத்தி கட்டியும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்களுக்கு, தங்கள் நிலத்தின் ஏறிய விலை நகரத்தின் பொதுச் சொத்து என்ற தத்துவம் ஏட்டளவில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தாங்கள் மட்டுமே அதற்கு விலை கொடுப்பதாகத் தோன்றியதில் தவறில்லை. தி. பா. பாட்டீலின் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1984 ஜனவரியில் உரண் வட்டாரத்தில் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் மாண்டனர். கையகப்படுத்திய நிலத்தில் எட்டில் ஒரு பங்கை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், அபிவிருத்தி செய்த மனையாக உடைமைக்காரருக்கே திருப்பித் தருவது என்ற ஏற்பாடு தொண்ணூறுகளில்தான் நடைமுறைக்கு வந்தது. மூவர் எழுதிய யோசனையில் பம்பாய்வாசிகள் நிறைந்திருந்தார்கள், எதிர்க்கரைப் பன்வேல் விவசாயி இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பொதுநலம் என்று நகர அமைப்பாளர் சொல்லும்போது அந்தப் பொதுவில் சேராத ஒருவர் எங்கோ வரப்பில் நின்றுகொண்டிருக்கிறார்.

ஆலை நிலங்களின் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. மிக நுட்பமாகப் பார்க்க வேண்டியதும் அதுவே. பரேல், லால்பாக், லோயர் பரேல், வோர்லி ஆகிய பேட்டைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து எழுந்த பஞ்சாலைகளும், அவற்றைச் சுற்றி ஓரறை வீடுகளாக நிறைந்த சால்களும் சேர்ந்த வட்டாரத்தை மராத்தியில் கிரண்காவ், ஆலைக் கிராமம், என்பார்கள். 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முறைப்படி முடிவுக்கு வந்ததே இல்லை, ஆலைகள் முடிந்தன. நெசவில் கிடைக்கும் லாபத்தைவிடத் தறி நிற்கும் தரையின் விலை பன்மடங்காகிவிட்டது என்பதை முதலாளிகள் கண்டுகொண்டார்கள். தொழிற்சாலைக்கென்று குறிக்கப்பட்ட அந்த நிலத்தை வேறு உபயோகத்துக்கு விற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மொத்தம் சுமார் 600 ஏக்கர். ஏக்கர் கணக்கில் பூங்கா அரிதான ஒரு தீவின் மத்தியில்.

1991ஆம் வருஷத்து வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆம் விதி இதற்கு ஒரு வழி வகுத்தது. ஆலை நிலத்தை வேறு உபயோகத்துக்குத் திருப்ப விரும்பும் உடைமைக்காரர், அதில் மூன்றில் ஒரு பங்கை நகரசபைக்குத் திறந்தவெளியாகவும், மூன்றில் ஒரு பங்கை வீட்டுவசதி வாரியத்துக்கு எளியோர் வீடுகளுக்காகவும் கொடுத்துவிட்டு, மீதி ஒரு பங்கைத் தாம் விருப்பப்படி அபிவிருத்தி செய்துகொள்ளலாம். பரப்புக்கு ஏற்ப விகிதம் சற்று மாறும், சாரம் இதுதான். மூன்று தரப்புக்கும் மூன்று பங்கு என்ற இந்த விதி, பார்வைக்கு நியாயத்தின் உருவமாகவே இருந்தது. முதலாளிகள் அதை நியாயமாகக் கருதவில்லை. தங்கள் சொத்தின் பெரும் பகுதியை ரொக்க ஈடின்றிப் பறிப்பதாகச் சொல்லி, ஆலைகளைப் பூட்டியபடியே வைத்திருந்தார்கள். சலுகை நிபந்தனைகளில் தொழில் நடத்துவதற்கென்று பெற்ற நிலத்துக்கு நகரத்திடம் கடன் இருக்கிறது என்பது தொழிலாளர் தரப்பின் வாதம். இரண்டு வாதங்களும் ஓயாமல் நடந்துகொண்டிருக்க, வேலையும் பாக்கிச் சம்பளமும் இழந்தவர்கள் சால்களில் முதுமையடைந்துகொண்டிருந்தார்கள்.

கொரியா குழு இந்த நிலையில்தான் வந்தது. தனியார் ஆலைகள் அதன் ஆய்வுக்குள் வரவில்லை. சர்க்கார் உடைமையான தேசிய ஜவுளிக் கழகத்தின் 25 ஆலைகளே அதன் கைக்கு எட்டின. ஒவ்வோர் ஆலையும் தன் மதிலுக்குள்ளேயே மூன்றாகப் பிரிந்தால் நகரத்துக்குக் கிடைப்பவை ஒன்றோடொன்று சேராத துண்டுகள்தாம். பக்கத்துப் பக்கத்து ஆலைகளின் நிலத்தை ஒரே பரப்பாகக் கருதி, எங்கே பூங்கா, எங்கே வீடு, எங்கே விற்பனைக்குரிய கட்டடம் என்று சேர்த்து நிர்ணயித்தால் தெருக்கள் அகலமாகும், ரயில் நிலையங்களின் எதிரே ஜனங்கள் நிற்கவும் நடக்கவும் இடம் கிடைக்கும் என்பது அதன் சிபாரிசின் உயிர்நாடி. பரேலைச் சுற்றிய ஆலைகளுக்கு அது அவ்வாறே வரைந்தும் காட்டிற்று. அறிக்கை சர்க்காரிடம் போய்ச் சேர்ந்தது, நடைமுறைக்கு வரவில்லை. முன்பு பத்திரிகையில் அச்சாகி ஊரெல்லாம் விவாதித்த யோசனைக்கு இருந்த பலம், கோப்பில் கட்டிச் சமர்ப்பித்த யோசனைக்கு இல்லாமற் போனதைக் காணும்போது, கொரியாவின் திறமையில் எந்த வித்தியாசமும் இல்லாமல் ஆசனம் மட்டும் மாறியதால் விளைந்த பேதம் இது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

2001 மார்ச்சில் 58ஆம் விதி திருத்தப்பட்டது. மூன்று பங்கு என்ற கணக்கை யாரும் தொடவில்லை. எதை மூன்றாகப் பங்கிடுவது என்பதை மட்டும் மாற்றினார்கள். ஓர் உதாரணத்தால் இதைத் தெளிவாக்கலாம். பன்னிரண்டு ஏக்கர் ஆலை ஒன்றில் ஒன்பது ஏக்கரில் கொட்டகைகளும் கிடங்குகளும் நிற்கின்றன, மூன்று ஏக்கர் வெறும் தரை என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி கொட்டகைகளை இடித்தபின் பன்னிரண்டு ஏக்கரும் பங்குக்கு வரும்; நகரத்துக்கு நான்கு, வீடுகளுக்கு நான்கு, முதலாளிக்கு நான்கு. புதிய விதியோ, ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கும் நிலம் மட்டுமே பங்குக்குரியது என்றது. அப்போது நகரத்துக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று, முதலாளிக்குப் பத்து. பழைய பம்பாய் ஆலைகளின் முற்றம் எவ்வளவு குறுகியது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அளவு எளிதில் விளங்கும்.

இந்தத் திருத்தம் எந்த வழியாக வந்தது என்பது இன்னும் முக்கியமானது. 1966ஆம் வருஷத்து மகாராஷ்டிர மண்டல, நகர அமைப்புச் சட்டப்படி ஒரு வளர்ச்சித் திட்டத்தை உருவாக்குவது நீண்ட வைதிகச் சடங்கு. நில உபயோகத்தை அளந்து, வரைவை வெளியிட்டு, ஆட்சேபனைகளைக் கேட்டு, விசாரித்து, திருத்தி, அங்கீகரிக்க வருஷங்கள் ஆகும். அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு, அங்கீகரித்த திட்டத்தில் சிறு மாறுதல்கள் செய்வதற்கு ஒரு குறுக்கு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. நகரின் நடுவே நூற்றுக்கணக்கான ஏக்கரின் விதியை மாற்றிய திருத்தம் இந்தச் சிறு மாறுதல் வாசல் வழியாகவே உள்ளே வந்தது. நகர அபிவிருத்தி இலாகாவைப் பெரும்பாலும் முதலமைச்சரே தம் கையில் வைத்துக்கொள்வது அம்மாநிலத்தில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். திட்டம் வரையும்வரை நகர அமைப்பாளர் மேஜைக்கு எதிரே இருக்கிறார். வரைந்து முடிந்தபின் அவரை அனுப்பிவிட்டு, சர்க்காரும் சொத்துடையவரும் அதே மேஜையில் இரண்டாம் முறை உட்காருகிறார்கள். அவர் தொழிலின் பலவீனம் அவர் வரைந்த கோட்டில் இல்லை, கோடு வரைந்தபின் அவருக்கு அங்கே இடமில்லாததில் இருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

2005இல் தேசிய ஜவுளிக் கழகம் ஜூபிடர், மும்பை டெக்ஸ்டைல், அப்பல்லோ, கோஹினூர், எல்ஃபின்ஸ்டன் ஆகிய ஐந்து ஆலைகளின் நிலத்தைச் சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு விற்றது. பொதுச் சொத்தை நிர்வகிக்கும் சர்க்கார் ஸ்தாபனமே ஏலத்தில் தனியார் முதலாளியைப் போல நின்றபோது, இவ்விவகாரத்தில் தரப்புகள் மூன்றா இரண்டா என்ற சந்தேகமே எழுகிறது. பம்பாய்ச் சுற்றுச்சூழல் செயற்குழு என்ற பிரஜைகள் சங்கம் தொடுத்த வழக்கில் அவ்வருஷம் அக்டோபரில் உயர் நீதிமன்றம், கொட்டகைகளை இடித்தபின் வெளிப்படும் நிலமும் பங்குக்குரியதே என்று தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, திருத்தத்தைச் செல்லும் என்றது. நலிந்த ஆலைகளைப் புனருத்தாரணம் செய்யவும் தொழிலாளர் பாக்கியைத் தீர்க்கவும் நிலம் விற்ற பணம் வேண்டும் என்ற வாதத்துக்கு அங்கே கனம் இருந்தது. அந்த வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் இல்லை. பத்து வருஷம் யாரும் முன்வராத ஒரு நியாயமான விதி, பட்டினி கிடப்பவனுக்கு அநியாயமான விதியைவிட எந்த விதத்தில் மேலானது என்று ஒரு தொழிலாளி கேட்டால், கொரியா குழுவின் அழகிய வரைபடத்தில் அதற்கு விடை கிடையாது. ஆனால் அவனுக்குக் கிடைத்ததையும் பார்க்க வேண்டும். வீடு கேட்டு விண்ணப்பித்த முன்னாள் தொழிலாளர்களும் வாரிசுகளும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். ஆலை நிலத்தில் எழுந்த வீடுகளுக்கு முதல் குலுக்கல் 2012இல் நடந்தபோது, வேலைநிறுத்தம் தொடங்கி முப்பது வருஷம் ஆகியிருந்தது. வீடுகளோ ஏழாயிரத்தைத் தொடவில்லை.

ஆலைகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன; அவற்றுக்கு நடுவே ஓடும் தெருக்கள் ஆலைச் சங்கு ஊதிய காலத்துத் தெருக்களாகவே நின்றன. ஷிப்டு முடிந்து சால்களுக்கு நடந்தே போன தொழிலாளிக்கு ரயில் தேவைப்படவில்லை. விரார், கல்யாண் பக்கங்களிலிருந்து வரும் குமாஸ்தாவுக்கு அது இல்லாமல் முடியாது. 2017 செப்டம்பர் 29ஆம் தேதி காலை, மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் வண்டியிலிருந்து இறங்கியவர்களும் ஆலை வட்டாரத்து எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்துக் குறுகிய நடைபாலத்தின் படிகளில் நெருங்கி, மிதிபட்டு, 23 பேர் மாண்டார்கள். அந்தப் பாலம் ரயில்வேயைச் சேர்ந்தது, ஆலை நிலத்தின் பங்கீடு வேறு இலாகா என்று சொல்வது கோப்பு முறையில் சரி. நிலையத்தைச் சுற்றி வெளி வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு முன்னரே ஒரு குழு எழுதிவைத்திருந்தது என்பதும் கோப்பில்தான் இருக்கிறது.

பொதுஜனம் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நகரம் ஓர் அத்தாட்சி தந்தது. 2034 வரைக்கான வளர்ச்சித் திட்டத்தின் வரைவை நகரசபை 2015 பிப்ரவரியில் வெளியிட்டபோது, இருக்கும் கட்டடங்கள் காணாமற் போயிருந்ததையும், இல்லாத சாலைகள் முளைத்திருந்ததையும் குடியிருப்போர் சங்கங்களும் குடிசைவாசிகளின் அமைப்புகளும் கட்டடக் கலைஞர்களும் வார்டு வார்டாகச் சரிபார்த்துக் காட்டினர். பல்லாயிரக்கணக்கில் ஆட்சேபனைகள் குவிந்தன. ஏப்ரலில் முதலமைச்சர் அந்த வரைவையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சீர்திருத்திய திட்டம் 2018இல் அங்கீகாரம் பெற்றது. இங்கே நகர அமைப்பாளர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். சம்பளம் பெற்று வரைந்தவர்கள் ஒரு பக்கம்; சம்பளமின்றி, சால் முற்றத்திலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் வரைபடத்தை விரித்து, மஞ்சள் நிறம் எதைக் குறிக்கிறது, ஊதா எதைக் குறிக்கிறது என்று விளக்கியவர்கள் மறு பக்கம்.

அவ்விதம் வெளியே நின்று வேலை செய்தவர்களில் ஷிரிஷ் படேலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பதவியை விட்ட பிறகும் அவர் பல வருஷங்கள் பம்பாயின் கட்டட விதிகளைக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்ற தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்தினால் வீடு மலியும் என்று சர்க்காரும் கட்டுமான முதலாளிகளும் ஒருமுகமாகச் சொல்லி வந்தபோது, அந்தக் குறியீடு மதிலுக்கு உட்புறத்தை மட்டுமே அளக்கிறது என்று அவர் மறுத்தார். அவர் கேட்டது வேறு கேள்வி. மதிலுக்கு வெளியே இருக்கும் தெருவிலும் நடைபாதையிலும் ஓர் ஏக்கருக்கு எத்தனை பேர் வந்து நிற்பார்கள்? அதே மாடிகளை அகன்ற தெருக்களுள்ள வேறொரு நகரத்தில் எழுப்பினால் விளையும் நெரிசலுக்கும், தெருவின் அகலம் மாறாத பழைய பம்பாய்ப் பேட்டையில் எழுப்பினால் விளையும் நெரிசலுக்கும் உள்ள பேதத்தை அவர் எண்களாகவே எழுதிவைத்தார். பழைய பேட்டைகளை இடித்துப் பன்மடங்கு உயரமாகக் கட்டும் யோசனை ஒன்று வரும்போதெல்லாம், தலைக்கு எத்தனை சதுர மீட்டர் தெரு, எத்தனை சதுர மீட்டர் விளையாட்டு வெளி மிஞ்சும் என்று அந்த முறைப்படி யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.